ஏழு என்று சொன்னது

கெபோன்யே இறந்த மூன்றாம் நாள் காலையில், ஆண்கள் எல்லோரும் முற்றத்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய கணவன் திரோ போர்வையை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து போய் வண்டியின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினான்.

மனைவியைப் பறிகொடுத்தவன் அடக்கம் முடியும்வரை எந்த வேலையையும் தொடக் கூடாது. விறகு பிளக்க, மாடு அறுக்க, கூடாரத்துக்கு முளை அடிக்க மற்றவர்கள் இருக்கிறார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் நீட்டும் கையைப் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் அவன் வேலை. இந்தச் செஹித்வா ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

கெபோன்யேயின் தாய்மாமன் பாரூதிதான் முதலில் கூப்பிட்டார்.

"திரோ, அங்க என்ன பண்றே?"

"வண்டியப் பாக்கறேன் மாமா."

"அது எங்கயும் ஓடிப் போயிடாது. வந்து உட்காரு."

"ஓடணும் மாமா. வெள்ளிக்கிழமை மவுன் ஆஸ்பத்திரியில இருந்து அவளக் கொண்டு வர்றப்ப நான் பின்னாடியே வரணும்."

"மொதிபி பிக்கப்புல வாயேன். இடமா இல்ல?"

"இந்த வண்டியிலதான் வரணும்."

பக்கத்து வீட்டு மொதிபி குவளையைக் கீழே வைத்தான். "விட்டுடுங்க மாமா. கல்யாணத்தன்னிக்கே இவன் டிராக்டருக்கு அடியில கிடந்தவன். நான்தான் கால்ல பிடிச்சு இழுத்துட்டு வந்து கோட்டு மாட்டினேன். இன்னிக்கா திருந்தப் போறான்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எங்கே சிரிக்கிறோம் என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

திரோ சொன்னது உண்மைதான். ஆனால் முழு உண்மை அதுவல்ல.

முந்தின நாள் மாலை ஜெபம் முடிந்ததும், சனிக்கிழமை விடியற்காலை அடக்கத்தில் யார் யார் பேசுவது என்று பாரூதி மாமா ஒரு தாளில் எழுதினார். மகள் வரோனா அதை மவுனில் அச்சடித்து வாங்கி வர வேண்டும். பிறப்பைச் சொல்ல ஒருவர், சபையின் சார்பில் ஒருவர், பள்ளிக்கூட வாசலில் அவள் பதினெட்டு வருஷம் மக்வின்யாப் பணியாரம் சுட்டு விற்றதைச் சொல்ல ஒருவர். நடுவில் ஒருவர் எழுந்து நோயைச் சொல்ல வேண்டும். எப்போது தொடங்கியது, யார் கூட இருந்தது, கடைசி மணி நேரம் எப்படிப் போனது என்பதைக் கூட இருந்து பார்த்தவர் வாயால் கேட்காமல் ஊர் குழியில் மண் போடுவதில்லை.

"நோயச் சொல்றது யாரு?" என்று மாமா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "புருஷன் எழுந்து பேசற வழக்கம் இல்ல. ஆனா அவ கூட இருந்தது நீ ஒருத்தன்தான். வேற யாரை எழுதறது?"

"எழுதுங்க மாமா" என்றான் திரோ.

"நீட்டாதே" என்று மொதிபி அவன் காதருகே சொன்னான். "போன மாசம் ஒருத்தர் பெரியப்பாவோட மூட்டுவலிய அரை மணி நேரம் சொன்னார். பாட்டெடுத்துத்தான் உட்கார வெச்சோம்."

அதுவும் இங்கே உள்ள வழக்கம்தான். பேச்சு நீண்டால் கூட்டத்தில் யாராவது ஒரு பாட்டைத் தொடங்குவார்கள். எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். பேசுகிறவர் உட்கார்ந்துவிட வேண்டும். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே சனிக்கிழமை திரோ எழுந்து நின்றாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டி சூடாகி நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். ஏன் சூடானது? அது தெரியாதவரை, தெரியாது என்று சொல்வது பொய்யாகாது. ஆனால் அந்த இன்ஜினை ஒவ்வொரு திருகாணியாகப் பிரித்துப் பூட்டியவன் அவன். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. ஐம்பத்தேழு வயதில், ஊர் முழுக்கக் கேட்க, தன் மனைவியைத் தன் கைவேலைதான் கொன்றதா இல்லையா என்பதை அவன் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

*

சாலைத் துறையில் இருபத்தாறு வருஷம் மண் சமன் செய்யும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவன் திரோ. கையில் வந்த பணத்தில் நாலு வருஷத்துக்கு முன் ஒரு பழைய ஜீப் வாங்கினான். ஜப்பானில் ஓடித் தேய்ந்து, கப்பலேறி வந்த வண்டி. சாவியைத் திருப்பியதும் உள்ளே எங்கிருந்தோ ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் மரியாதையாக ஏதோ சொல்லும். அதை நிறுத்த ஒருவருக்கும் தெரியவில்லை. கெபோன்யே நிறுத்தவும் விடவில்லை. குரல் கேட்டதும், "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா" என்பாள். பிறகு திரோ பக்கம் திரும்பி அதற்கு அர்த்தம் சொல்வாள். ஒரு நாள், "பொண்டாட்டிக்கு முதல்ல கதவத் திறந்து விடச் சொல்றா" என்பாள். இன்னொரு நாள், "சீப்பு மறந்துட்டு வந்துட்டியாம், திரும்பிப் போகச் சொல்றா" என்பாள். நாலு வருஷத்தில் ஒரு தடவையும் அவள் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

போன கோடையில் இன்ஜின் போய்விட்டது. மவுனில் ஒரு பட்டறையில் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். திரோ வீட்டிலேயே இறக்கினான். முற்றத்து முள்மரத்தின் தடித்த கிளையில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு இன்ஜினை வெளியே எடுத்தான். கபரோனிலிருந்து பஸ்ஸில் சாமான் வரக் காத்திருந்தான். எட்டு மாதம் போயிற்று.

இந்த ஊர் முழுக்க மணல். காற்றுக்கு நேரம் காலம் கிடையாது. இன்ஜினைத் திறந்து வைத்தால் உள்ளே மணல் போய் உட்கார்ந்துவிடும். அதனால் எண்ணெய் போகும் வாய், தண்ணீர் போகும் வாய், எல்லாவற்றையும் துணியால் அடைத்து வைப்பார்கள். நல்ல துணி வேண்டும், நூல் பிரியாத துணி. கெபோன்யே உள்ளே போய்த் தன் பழைய கவுனை எடுத்து வந்தாள். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு. கல்யாணப் பேச்சு முடிந்த அன்று உடுத்தியது. இப்போது இடுப்பு ஏறாது.

"இதையா கிழிக்கப் போறே?"

"பொட்டியில கிடந்து பூச்சி தின்னறதுக்கு உன் இன்ஜின் தின்னட்டும்." பல்லால் கடித்துச் சர்ரென்று கிழித்தாள். "ஏழு வாய் இருக்குன்னு சொன்னே இல்ல, ஏழு துண்டு. ஏழும் எனக்குத் திரும்பி வரணும் வரோனா அப்பா. கிழிச்சாலும் அது என் கல்யாண கவுனு."

எட்டாவது மாதம், ஒரு சாயங்காலம், எல்லாவற்றையும் பூட்டி முடித்தான். பூட்டும்போது ஒவ்வொரு துண்டாகப் பிடுங்கிப் பின்னால் தரையில் எறிந்துகொண்டே வந்தான். கெபோன்யே சோப்பு நீர் ஊற்றிய வாளியோடு நின்றாள்.

"எத்தனை?"

"ஏழு" என்றான். அவன் எண்ணவில்லை. கை சாவியில் இருந்தது. மனமும் அங்கேதான் இருந்தது. ஜப்பான்காரி பேசினாள். கெபோன்யே வணக்கம் சொன்னாள். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குலவையிட்டதில் மொதிபி வீட்டு நாய்கள் வேலியைத் தாண்டி ஓடின.

புதிதாகப் பூட்டிய இன்ஜின் பழக வேண்டும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் எண்பது வேகத்தைத் தாண்டக் கூடாது. திரோ அதில் கறாராக இருந்தான். ஒரு நாள் கெபோன்யே கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள்.

"யாருக்குக் கையாட்டறே?"

"நம்மளத் தாண்டிப் போச்சே அந்தக் கழுதைக்கு. பாவம், திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போகுது."

மூன்று வாரத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் அப்படியே ஓடின.

*

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, சபையின் மாலைக் கூட்டத்துக்காக அவள் மக்வின்யா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வலது கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. "வரோனா அப்பா, இந்தக் கை..." என்றாள். அதற்குப் பிறகு வந்த சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கிளினிக்கில் நர்ஸ் கண்ணைப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் விடியற்காலையில் ஒரு பிரசவக்காரியோடு மவுனுக்குப் போய்விட்டிருந்தது. "அதுக்காகக் காத்திருக்காதீங்க ஐயா, உங்க வண்டியிலயே கிளம்புங்க" என்றாள்.

கால் பழக்கத்தில் எண்பதிலேயே நின்றது. சிறிது தூரம் போனதும் அவள் முகத்தைப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மிதித்தான். நூறு, நூற்றுப் பத்து, நூற்றிருபது. டோடெங் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. ஏறிச் சிவப்பைத் தொட்டது. முன்மூடி இடுக்கிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது.

நாற்பத்தைந்து நிமிஷம் நின்றார்கள். அக்டோபர் வெயில். ஞாயிற்றுக்கிழமைச் சாலையில் ஒரு வண்டிகூட வரவில்லை. மொதிபி மாட்டுப்பட்டியில் இருந்தான், போன் எடுக்கவில்லை. திரோ குடிதண்ணீர்க் கேனைக் கையில் வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் மூடியில் கை வைத்துப் பார்ப்பதும், அவள் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுமாக மாறி மாறி நடந்தான். கடைசியில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து சாவியைத் திருப்பினான். ஜப்பான்காரி பேசினாள்.

கெபோன்யே பதில் சொல்லவில்லை.

அவள் கண் திறந்துதான் இருந்தது. அவன் ஒரு நொடி காத்திருந்தான். பிறகு கியரைப் போட்டான்.

மீண்டும் சூடாகாமல் இருக்க, ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு ஐம்பதில் ஓட்டினான். இன்ஜின் சூடு மொத்தமும் உள்ளே வந்தது. மூடாத கண்ணாடிகள் வழியாக வெளிச்சூடும் வந்தது. தன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது தெரிந்தது. அவளுக்கு வியர்க்கவே இல்லை. மவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், "எத்தனை மணிக்குத் தொடங்குச்சு?" என்று கேட்டாள். "எட்டரை." சுவரில் மணி பதினொன்று நாற்பது. அவள் எழுதிக்கொண்டாள். நாலு மணிக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று திரோ கேட்கவில்லை. டாக்டரும் தானாக ஒன்றும் சொல்லவில்லை.

மொதிபி வந்து, வழியெல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி வண்டியை வீடு சேர்த்தான்.

*

புதன்கிழமை காலை திரோ முதலில் ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தான். தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளையவில்லை, அதை அடைக்கும் கேஸ்கெட் பிழைத்தது. தண்ணீர் பம்பைச் சுழற்றினான், சரியாக இருந்தது. ரேடியேட்டரில் அடைப்பில்லை. மேல் குழாயைக் கழற்றித் தெர்மோஸ்டாட்டை எடுத்தான். தண்ணீர் சூடேறினால் திறந்து வழிவிடும் உள்ளங்கையளவுப் பித்தளை மூடி அது. மூடியபடியே சிக்கிக்கொள்வது இந்தச் சாமானுக்குப் புதிதல்ல. சிக்கியிருந்தால் குற்றம் அதைச் செய்தவனுடையது. பூட்டியவனுடையது அல்ல.

அதை எடுத்துக்கொண்டு நெருப்பருகே வந்தான். கொதித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பானையில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான்.

"டேய், அது தேத்தண்ணிப் பானை!" என்றான் மொதிபி.

"வேற பானை வெச்சுக்கோ."

பாரூதி மாமா எட்டிப் பார்த்தார். "என்ன வேக வெக்கிறே?"

"இது வாயத் திறக்குதான்னு பாக்கறேன் மாமா."

"நீ முதல்ல வாயத் திற. மூணு நாளா ஒரு வாய் கஞ்சி இறங்கல."

திரோ பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் இதற்கு முன் எந்தச் சாமானும் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டதில்லை. தண்ணீர் குமிழியிட்டது. பித்தளை மெல்ல, ஒழுங்காக, எப்படித் திறக்க வேண்டுமோ அப்படித் திறந்தது.

திரும்பிப் போய், அது இருந்த வாய்க்குள் சுட்டுவிரலை விட்டான். ஒன்றுமில்லை. இன்னும் உள்ளே, தண்ணீர் வளைந்து போகும் இடத்தில், விரல் நுனிக்கு மெத்தென்று ஏதோ பட்டது. கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி இழுத்தான். சேற்று நிறத்தில் சுருண்டு வந்தது. குழாய்த் தண்ணீரில் அலசினான். நீலம் தெரிந்தது. பிறகு வெள்ளைப் பொட்டுகள்.

புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் ஆகவில்லை. மூன்று வாரம் அந்தத் துண்டு ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. எண்பதில் ஓடியவரை தண்ணீருக்கு அதைத் தூக்கும் வேகமில்லை. அன்றைக்கு அவன் மிதித்தான். தண்ணீர் பாய்ந்து அதை உருட்டிக்கொண்டு போய் வாயில் அடைத்திருக்கிறது. வண்டி நின்று குளிர்ந்ததும் அது பின்னால் சரிந்துவிட்டது. எண்பதிலேயே போயிருந்தால் பத்தரை மணிக்கு மவுன்.

மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரு."

கெபோன்யேயின் அக்கா செகாமெட்ஸி நின்றுகொண்டிருந்தாள். தாய் இல்லாத வீட்டில் தாயின் இடத்தில் துக்க மெத்தையில் உட்கார வேண்டியவள் அவள். அடக்கம்வரை அந்த மெத்தையை விட்டு நகரக் கூடாது. போர்வையோடு முற்றத்துக்கு வந்து நின்றதைப் பார்த்துக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"என் தங்கச்சி ஐஸ் பெட்டியில கிடக்கா. நீ இரும்போட கொஞ்சிக்கிட்டிருக்கே. உள்ள என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? அவ போனதும் வண்டியக் கட்டிக்கிட்டான்னு. காதுல விழுதா? எழுந்திருன்னா..."

அவள் பார்வை அவன் கையில் நின்றது. குனிந்தாள்.

"இது நான் தெச்ச கவுனாச்சே."

"ஆமாக்கா."

"எங்க இருந்துச்சு?"

"தண்ணி போற வழியில."

"அடைச்சுக்கிட்டா?"

"ஆமா. நான் விட்டதுதான். பூட்டறப்ப எடுக்க மறந்துட்டேன்."

செகாமெட்ஸி வண்டியின் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டாள். பிறகு அவன் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"மொத்தம் ஏழு, இல்ல?"

"ஏழு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் அவன் விரல்களைப் பிரித்துத் துண்டை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்க்கா. எல்லார் முன்னாடியும்."

"கையக் கழுவு" என்றாள். "முகமெல்லாம் கிரீஸ்." மெத்தைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை மதியம் மவுனிலிருந்து பிண வண்டி கிளம்பியது. திரோ தன் வண்டியில் பின்னால் வந்தான். முன்னிருக்கையில் வரோனா, மடியில் அச்சடித்த தாள்களோடு. அட்டையில் அம்மாவின் படம், உள்ளே ஐந்தாவது வரியில் நோய் என்பதற்கு எதிரே அப்பாவின் பெயர். பிண வண்டி அறுபதில் போயிற்று. சூடு காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. டோடெங் தாண்டி, செஹித்வாவை நெருங்கும்போது, பூட்டிய பிறகு ஓடிய கிலோமீட்டர் ஆயிரத்தைத் தொட்டது. இன்ஜின் பழகிவிட்டது. இனி ஆயிலை மாற்றிவிட்டு எவ்வளவு வேகம் வேண்டுமானாலும் போகலாம்.

"என்னப்பா பாக்கறே?" என்றாள் வரோனா.

"ஒண்ணுமில்ல."

சனிக்கிழமை வானம் வெளுக்கும்போது கூடாரம் நிறைந்திருந்தது. இடமில்லாதவர்கள் வேலியோரம் போர்வையோடு நின்றார்கள். பிறப்பைச் சொன்னார்கள். மக்வின்யாவைச் சொன்னவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் கடனில்தான் தின்றார்கள், யாரும் இப்போது எழுந்து ஒத்துக்கொள்ள வேண்டாம் என்றபோது ஈரச்சிரிப்பு ஒன்று கூடாரத்தைச் சுற்றி வந்தது. பிறகு திரோவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழுந்தான். பெட்டி அவனுக்கு இடப்பக்கம். பெட்டிக்கு அந்தப்புறம் செகாமெட்ஸியும் வரோனாவும்.

மாவில் கை நின்றதைச் சொன்னான். கிளினிக்கைச் சொன்னான். "அம்மாமார்களே, ஐயாமார்களே, நான் என் வண்டியில அவளக் கூட்டிட்டுப் போனேன். டோடெங் தாண்டி வண்டி சூடாயிடுச்சு. முக்கால் மணி நேரம் நின்னோம். அது ஏன் சூடாச்சுன்னு நான் சொல்லியாகணும். அந்த இன்ஜின நான்தான்..."

பெட்டிக்கு அந்தப்புறத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. கனத்த, கரகரத்த குரல். செகாமெட்ஸி கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கியிருந்தாள். ஒரு வரி அவள் தனியாகப் பாடினாள். இரண்டாவது வரியில் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு ஆண்கள், வேலியோரம் நின்றவர்கள். துக்கத்தில் அவனால் முடியவில்லை, அக்கா தாங்கிப் பிடிக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மொதிபி எழுந்து வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

திரோவின் வாய் இன்னும் திறந்திருந்தது. சொல்ல வேண்டியது உள்ளேயே நின்றுவிட்டது.

*

இடுகாட்டிலிருந்து திரும்பியதும் வாசலில் கற்றாழைத் துண்டுகள் மிதக்கும் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூட்டம் வரிசையாகக் கழுவிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. திரோ அங்கேயே நின்றான். செகாமெட்ஸி கடைசியாக வந்தாள்.

"ஏன்க்கா பாடினீங்க?"

அவள் இரண்டு கையையும் தண்ணீரில் வைத்தபடி பேசினாள்.

"இன்ஜின் ஓடின அன்னிக்கு சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினா. 'அக்கா, ஓடுதுக்கா, உனக்கே கேட்டிருக்கும்'னா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னா. 'ஏழுன்னு சொன்னார், கொடியில காயப் போட்டா ஆறுதான் இருக்கு'ன்னு. கேட்டியாடின்னேன். 'எங்கயாவது காத்துல பறந்திருக்கும்க்கா. மனுஷன் எட்டு மாசத்துல இன்னிக்குத்தான் சிரிச்சார், அதப் போய் எதுக்குக் கெடுக்கணும்'னா. நானும் கூடச் சிரிச்சேன்."

திரோ தன் கையையும் தண்ணீரில் விட்டான்.

"துணின்னு நீ சொன்னா, துணிய எண்ணி வாங்கினது யாருன்னு எவனாவது கேப்பான். பெட்டி பக்கத்துல இருக்கறப்ப அவ பேரு அப்படி வர நான் விடமாட்டேன்."

"அதனாலயா?"

"அதனாலயும்தான்." கையை உதறினாள். "வரோனாவுக்கும் சேத்து. நீ சொல்லிட்டா உனக்கு லேசாயிடும். அப்புறம் அத யாரு தூக்கிட்டு அலையறது? உன்ன மன்னிச்சுட்டுத்தான் பாடினேன்னு நெனச்சுக்காதே. மன்னிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல."

"அந்தத் துண்டு எங்கக்கா?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுல குளிப்பாட்டினப்ப அவ கையில குடுத்துட்டேன். அவளோடதுதானே."

*

திங்கள்கிழமை காலை, தலை மழித்த பிறகு, உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். பாரூதி மாமாவும் மாமியும் டோடெங் போக வேண்டும். பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

"நான் கொண்டு விடறேன் மாமா" என்றான் திரோ.

மாமா வண்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். "நிக்காம போகுமா?"

"போகும். சரியாயிடுச்சு."

"என்னதான் கோளாறு கடைசியில? அன்னிக்குச் சொல்ல வந்தே, அவங்க பாடிட்டாங்க."

திரோ பின்கதவைத் திறந்து பிடித்தான். மாமி முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் செகாமெட்ஸி நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி போற வழி அடைச்சிருந்துச்சு மாமா. எடுத்துட்டேன்."

"அவ்வளவுதானா?" என்றார் மாமா, ஏறிக்கொண்டே.

சாவியைத் திருப்பினான். ஜப்பான்காரி மரியாதையாகத் தன் வாசகத்தைச் சொன்னாள். இந்த வண்டியில் முதல் தடவையாக ஏறியிருந்த மாமி பின்னாலிருந்து திடுக்கிட்டு, "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா" என்றாள்.

திரோவின் கை கியரிலேயே நின்றது.

"யாருப்பா அது? என்ன சொல்றா?"

"எனக்குத் தெரியாது மாமி" என்றான். "அவ பாஷை வரோனா அம்மாவுக்குத்தான் தெரியும்."

வண்டி மணலிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியது. திரோ எண்பதைத் தாண்டவில்லை.